கேட் மூடியாச்சு

சிதம்பரத்தில் எங்கள் வீட்டு மாடி அறையில் ஒரு பலகையின் மேல் ரயில் ஓடுகிறது. "இந்த வயசுல இது தேவையாடா" என்று அம்மா கேட்பதை நிறுத்தி இரண்டு வருடம் ஆகிறது. எச்ஓ அளவு. அதாவது நிஜ ரயிலில் 87-ல் ஒரு பங்கு. நம்மூர் அகலப்பாதை 1676 மில்லிமீட்டர். 87-ஆல் வகுத்தால் தண்டவாள இடைவெளி பத்தொன்பது மில்லிமீட்டரைத் தாண்டி வரவேண்டும். கடையில் கிடைப்பது 16.5தான், ஏனென்றால் அது ஐரோப்பாவின் 1435-க்கு அளந்து செய்தது. அதனால் என்னுடைய இந்திய இன்ஜின் இடுப்பொடுங்கித்தான் ஓடுகிறது. இதைப் பற்றி எனக்கு ஒரு புகாரும் இல்லை.

நான் சொல்ல வந்தது வேறு. அந்த ரயிலைக் கட்டுப்படுத்தும் முறைக்குப் பெயர் டிசிசி. டிஜிட்டல் கமாண்ட் கன்ட்ரோல். ஜெர்மனியின் லென்ஸ் நிறுவனம் உருவாக்கியதை அடிப்படையாக வைத்து அமெரிக்காவின் தேசிய மாதிரி ரயில் சங்கம் 1990-களில் அதைத் தரநிலையாக்கியது. பழைய முறையில் தண்டவாளத்தில் எவ்வளவு வோல்ட் கொடுக்கிறோமோ அவ்வளவு வேகம். இரண்டு இன்ஜின் இருந்தால் இரண்டும் சேர்ந்தே ஓடும். டிசிசியில் தண்டவாளத்தில் எப்போதும் முழு மின்சாரம் இருக்கும். அந்த மின்சாரத்தின் துடிப்பிலேயே செய்தியும் போகும். குறுகிய துடிப்பு என்றால் ஒன்று, அரைச் சுற்றுக்கு 58 மைக்ரோ செகண்ட். நீண்ட துடிப்பு என்றால் பூஜ்யம், 100 மைக்ரோ செகண்டோ அதற்கு மேலோ. ஒவ்வொரு இன்ஜினுக்குள்ளும் ஒரு டீகோடர், அதற்கு ஒரு முகவரி. "மூன்றாம் நம்பர், நீ இவ்வளவு வேகத்தில் முன்னால் போ" என்று செய்தி வந்தால் மூன்றாம் நம்பர் மட்டும் போகும். செய்தியின் கடைசியில் ஒரு சரிபார்ப்பு பைட் இருக்கும். கணக்கு உதைத்தால் டீகோடர் அந்தச் செய்தியைச் சத்தமில்லாமல் தூக்கிப் போட்டுவிடும்.

சத்தமில்லாமல் என்பதைக் கவனியுங்கள். அடிப்படை டிசிசியில் ஓடும் இன்ஜின் பதில் சொல்லாது. கன்ட்ரோலர் திரையில் "40" என்று இருந்தால் இன்ஜின் 40-ல் ஓடுகிறது என்று அர்த்தமில்லை. 40-ல் ஓடு என்று நான் சொல்லியிருக்கிறேன், அவ்வளவுதான். இன்ஜின் கேட்டதா, ஓடுகிறதா, தடம் புரண்டு கீழே மொசைக் தரையில் கிடக்கிறதா, எதுவும் அதற்குத் தெரியாது. சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு இருக்கும். பிற்பாடு ரயில்காம் என்று ஒரு வசதி வந்தது. அதில் டீகோடர் பதில் பேசும். என்னுடைய பழைய பெட்டியில் அது இல்லை.

இந்தத் திரையைப் பற்றி எழுத எனக்கு ஒரு காரணம் இருக்கிறது. காரணம் கடலூருக்குத் தெற்கே, செம்மங்குப்பத்தில் இருக்கிறது.

அதற்கு முன்னால் நான் செய்த ஒரு கொலையைச் சொல்லிவிடுகிறேன்.

ஒருநாள் என் இன்ஜின் பலகையின் கிழக்கு மூலையில் போய் நின்றது. திரையில் 40. கையால் லேசாகத் தள்ளினால் நாலடி ஓடும், அடுத்த சுற்றில் அதே இடத்தில் திக்கும். நான் மென்பொருள் எழுதிப் பிழைப்பவன். பிழை தேடுவதுதான் தொழில். ஆனால் அன்றைக்கு ஐந்து நிமிடத்தில் தீர்ப்பு எழுதினேன்: டீகோடர்தான். ஏன்? அது புதுசு. போன மாதம்தான் வாங்கியது. அதுவும் வெளியூரிலிருந்து, இன்னொருவர் பயன்படுத்தியது. பழைய டீகோடர் இருந்தவரை இந்த வம்பு இல்லையே! இன்ஜினைத் திறந்தேன், கழற்றினேன், திரும்ப மாட்டினேன். மாட்டும்போது மோட்டாரின் ஒரு முனை உலோகச் சட்டத்தில் உரசிக்கொண்டிருந்ததைக் கவனிக்கவில்லை. மின்சாரம் கொடுத்ததும் ஊதுபத்தி அளவுக்குப் புகை வந்தது. டீகோடர் செத்துவிட்டது. "பார்த்தியா, இதுதான் கோளாறு" என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கோளாறே இல்லாத ஒன்றைக் கொன்றுவிட்டு, அது செத்ததையே அதன் குற்றத்துக்கு ஆதாரமாக எடுத்துக்கொண்டேன்.

அடுத்த டீகோடர் வாங்கி மாட்டினேன். அதே கிழக்கு மூலையில் நின்றது.

மஞ்சக்குப்பத்தில் ஒரு அண்ணன் இருக்கிறார். சிப்காட் கம்பெனி ஒன்றில் இன்ஸ்ட்ருமென்ட் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மாதிரி ரயிலைத் தொட்டதே கிடையாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை வரச் சொன்னேன். வந்தவர் இன்ஜினைப் பார்க்கவே இல்லை. சட்டைப் பையிலிருந்து ஒரு ஐந்து ரூபாய் நாணயத்தை எடுத்தார்.

"மெயின் பாக்ஸ் பக்கத்துல ரெண்டு தண்டவாளத்துக்கும் குறுக்க இத வை தம்பி."

வைத்தேன். உடனே பாக்ஸ் ட்ரிப் ஆனது. அது சரி, ஷார்ட் ஆனால் ட்ரிப் ஆகத்தான் வேண்டும்.

"இப்ப உன் கெழக்கு மூலையில வை."

வைத்தேன். ட்ரிப் ஆகவில்லை. நாணயம் சூடாகிக்கொண்டு கிடந்தது.

"எடு எடு. ஒயர்ல எங்கியோ தடை இருக்கு. நீ இன்ஜினுக்கு வைத்தியம் பாத்துக்கிட்டு இருக்க."

"அண்ணே, மல்டிமீட்டர் வெச்சுப் பாத்தேன். அங்க முழு வோல்டேஜ் காட்டுச்சே?"

"வண்டி நிக்காதப்ப பாத்திருப்ப. சுமை இல்லாதப்ப எல்லா ஒயரும் நல்ல ஒயருதான்."

பலகைக்கு அடியில் படுத்துப் பார்த்தோம். கிழக்கு மூலைக்குப் போகும் ஒரு இணைப்பில் டிரை சால்டர். பளபளப்பாக இல்லாமல் சாம்பல் பூத்த மாதிரி இருந்தது. தொட்டதும் ஆடியது. மூன்று வருடத்துக்கு முன்னால் அதைப் பற்ற வைத்தது யார்? நான்தான். இராத்திரி ஒரு மணிக்கு, சீக்கிரம் ரயில் ஓட்டிப் பார்க்கும் அவசரத்தில். இந்தக் கடலோரக் காற்று மிச்சத்தைப் பார்த்துக்கொண்டது.

கடைசியாக வந்தவன், வெளியூர்க்காரன், ஏற்கெனவே மனசுக்குப் பிடிக்காதவன் என்று மூன்றும் ஒரே ஆளாக அமைந்துவிட்டால் நம் மூளை வேறெங்கும் தேடாது. என் விஷயத்தில் செத்தது நாலாயிரத்துச் சொச்சம் ரூபாய் டீகோடர். வீட்டில் யாருக்கும் தெரியாது. போகட்டும்.

இப்போது செம்மங்குப்பம்.

2025 ஜூலை 8, செவ்வாய்க்கிழமை. காலை ஏழே முக்கால் வாக்கில் விழுப்புரத்திலிருந்து மயிலாடுதுறை போகும் பாசஞ்சர், கடலூருக்கும் ஆலப்பாக்கத்துக்கும் நடுவே உள்ள 170-ஆம் எண் லெவல் கிராசிங்கில் ஒரு பள்ளி வேன் மேல் மோதியது. மூன்று மாணவர்கள் இறந்தார்கள். கேட் கீப்பரை ரயில்வே இடைநீக்கம் செய்தது, போலீஸ் கைது செய்தது. அதற்கு முன்பே ஊர்க்காரர்கள் அவரை அடித்திருந்தார்கள். ரயில்வேயின் முதல் அறிக்கை வேன் ஓட்டுநரைக் காட்டியது: கேட்டை மூடப் போனபோது அவர்தான் வழி விடச் சொல்லி வற்புறுத்தினாராம். கேட் திறந்தேதான் இருந்தது என்று பிழைத்தவர்கள் சொன்னார்கள். அங்கே சுரங்கப்பாதை கட்ட மாவட்ட நிர்வாகம் ஓராண்டாக அனுமதி தரவில்லை என்றும் ரயில்வே சொன்னது. விபத்து நடந்த அன்றைக்கே இத்தனை விரல்களும் நீண்டாயிற்று. ஒவ்வொரு விரலும் எதிர்ப்பக்கம் நீண்டது.

மத்தியானத்துக்குள் இன்னொரு விரல் வந்தது. கேட் கீப்பர் வடமாநிலத்தவர். அவ்வளவு போதும். "தமிழ் தெரியாதவனை கேட்டில் உட்கார வைத்தால் இப்படித்தான்" என்று ஒரு படம் வாட்ஸ்அப்பில் சுற்றியது. எங்கள் கல்லூரி நண்பர்கள் குழுவில் அதைப் போட்டது யார் என்று கேட்டால் பெருமையாக இருக்காது. நான்தான் போட்டேன். பத்து மணி மீட்டிங்குக்கு முன்னால், பல் விளக்கிய கையோடு. எட்டுப் பேர் கோப முகம் போட்டார்கள். நான் திருப்தியாக மீட்டிங்குக்குப் போனேன்.

அந்தப் படத்தை எதிர்த்துத்தான் இந்தக் கட்டுரை. என்னையும் சேர்த்துத்தான் திட்டுகிறேன் என்பதால் கொஞ்சம் உரக்கவே திட்டலாம் என்று நினைக்கிறேன்.

முதலில் ஒரு கேள்வி. தமிழ் தெரிந்திருந்தால் அந்தக் கேட் மூடியிருக்குமா? கேட் என்பது ஒரு கம்பம். விஞ்சைச் சுற்றினால் இறங்கும். அதற்கு மொழி கிடையாது. கேட்டை மூடாமலேயே மூடிவிட்டதாக ஸ்டேஷன் மாஸ்டருக்குத் தகவல் போனது என்பது முதற்கட்ட விசாரணையிலிருந்து வந்த செய்தி. வழக்கின் முடிவை நீதிமன்றம் சொல்லட்டும், நான் தீர்ப்பெழுதவில்லை. ஆனால் அந்தச் செய்தி உண்மையென்றால் அங்கே தகவல் பரிமாற்றம் மொழிச் சிக்கல் எதுவும் இல்லாமல் கச்சிதமாக நடந்திருக்கிறது. சொல்லப்பட்ட விஷயம் பொய். தமிழில் சொல்லியிருந்தால் தமிழில் பொய். வேறென்ன மாறியிருக்கும்?

இரண்டாவது, இந்த ஆட்டத்தை நமக்கு எதிராகவே ஆடியதை நாம் மறந்துவிட்டோம். 2019 மே மாதம் மதுரைக்குப் பக்கத்தில் திருமங்கலத்துக்கும் கள்ளிக்குடிக்கும் இடையே ஒரே பாதையில் இரண்டு ரயில்கள் வரும் நிலை ஏற்பட்டது. நல்லவேளையாக மோதவில்லை. ஸ்டேஷன் மாஸ்டர்களுக்குள் ஒருவர் பேசியது இன்னொருவருக்குப் புரியவில்லை என்று பேசப்பட்டது. அடுத்த மாதமே தெற்கு ரயில்வேயிலிருந்து ஒரு சுற்றறிக்கை: கட்டுப்பாட்டு அறையும் ஸ்டேஷன் மாஸ்டர்களும் இந்தியிலோ ஆங்கிலத்திலோதான் பேச வேண்டும், வட்டார மொழியைத் தவிர்க்க வேண்டும். தமிழ்நாடு கொதித்தது. சில நாளில் சுற்றறிக்கையைத் திரும்பப் பெற்றார்கள்.

அன்றைக்கு நாம் என்ன சொன்னோம்? "உங்கள் சிஸ்டத்தில் ஓட்டை வைத்துக்கொண்டு எங்கள் மொழி மேல் பழி போடாதீர்கள்" என்றோம். ரொம்பச் சரியாகச் சொன்னோம். ஆறு வருடம் கழித்து அதே வாக்கியத்தைத் திருப்பிப் போட்டுக்கொண்டோம். 2019-ல் தமிழ் குற்றவாளி. 2025-ல் தமிழ் இல்லாதது குற்றவாளி. இரண்டு தடவையும் ஒயரை யாரும் பார்க்கவில்லை.

"அப்படியென்றால் தமிழ்நாட்டு ரயில்வே வேலையில் தமிழர்களுக்கு இடம் வேண்டாமா?" என்று கேட்பீர்கள். வேண்டும். நானும் கேட்கிறேன். கேட்டிலும் கவுன்டரிலும் பெட்டியிலும் மக்கள் மொழி தெரிந்தவர் இருக்க வேண்டும் என்பது நியாயமான கோரிக்கை. அது தன் காலிலேயே நிற்கும். அதை நிற்க வைக்க மூன்று பிள்ளைகளின் உடலை முட்டுக் கொடுக்காதீர்கள். முட்டுக் கொடுத்தால் என்ன ஆகும் தெரியுமா? நாளைக்கு ஒரு தமிழ் கேட் கீப்பர் அசந்து தூங்கி விபத்து நடந்தால் உங்கள் கோரிக்கையும் அந்த வண்டிக்கு அடியில் போய்விடும். ஒழுங்கான கோரிக்கைக்கு ஒழுங்கான ஆதாரம் வேண்டும்.

சரி, ஒயர் எங்கே?

ரயில்வே கேட்களில் இரண்டு வகை. ஒன்று இன்டர்லாக் செய்தது. கேட் மூடிப் பூட்டினால்தான் சிக்னல் பச்சைக்கு மாறும். சிக்னல் பச்சையாக இருக்கும்வரை கேட்டைத் திறக்க முடியாது. கேட் கீப்பர் நல்லவரா கெட்டவரா, தூங்கினாரா விழித்திருந்தாரா என்பது இரண்டாம் பட்சம். அவர் தூங்கிவிட்டால் என்ன நடக்கும்? ரயில் நிற்கும். பயணிகள் திட்டுவார்கள். யாரும் சாக மாட்டார்கள்.

இன்னொன்று இன்டர்லாக் செய்யாதது. ஸ்டேஷன் மாஸ்டர் போனில் கூப்பிடுவார்: வண்டி வருது, கேட்டை மூடு. கேட் கீப்பர் மூடிவிட்டு ஒரு எண்ணைச் சொல்வார். பிரைவேட் நம்பர் என்று பெயர். அந்த எண்ணை எழுதிக்கொண்டதும் வண்டி கிளம்பும். மூடியாச்சு என்பதற்கு அந்த எண்தான் சாட்சி. கேட் கம்பத்துக்கும் சிக்னலுக்கும் நடுவில் ஒரு ஒயர்கூடக் கிடையாது. நடுவில் இருப்பது ஒரு மனிதனின் வாய்.

விபத்து நடந்தபோது செம்மங்குப்பம் இரண்டாவது வகை.

என் கன்ட்ரோலர் திரை ஞாபகம் இருக்கிறதா? "40" என்று காட்டும், இன்ஜின் மூலையில் நிற்கும். ஆலப்பாக்கத்தில் நோட்டில் எழுதிய எண்ணும் அதே வகையான "40"தான். நடந்ததை அது காட்டவில்லை, சொன்னதைக் காட்டுகிறது. பொறியியல் கல்லூரியில் கன்ட்ரோல் சிஸ்டம்ஸ் பேப்பரில் இரண்டாம் பக்கத்திலேயே இது வரும்: ஓபன் லூப், குளோஸ்டு லூப். நாங்கள் எல்லோரும் வாஷிங் மெஷினை உதாரணம் எழுதி இரண்டு மார்க் வாங்கினோம். வாழ்க்கையில் அந்த இரண்டு மார்க்கை யாரும் பயன்படுத்தவில்லை.

இது புதுக் கண்டுபிடிப்பும் இல்லை. 1889 ஜூன் 12 அன்று அயர்லாந்தின் ஆர்மா நகருக்கு வெளியே ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் சுற்றுலா போன ரயில் மேட்டில் ஏற முடியாமல் நின்றது. பிரித்துவிட்ட பெட்டிகள் பின்னால் உருண்டு அடுத்த ரயிலில் மோதின. ஏறத்தாழ 80 பேர் இறந்தார்கள், பலர் குழந்தைகள். அதே வருடம் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் சட்டம் போட்டது. பயணிகள் பாதைகளில் பிளாக் முறை, இன்டர்லாக்கிங், தொடர் பிரேக் மூன்றும் கட்டாயம். அதுவரை ரயில் கம்பெனிகள் "நல்ல ஆட்களை வைத்திருக்கிறோம், அது போதும்" என்றுதான் சொல்லிவந்தன. அந்த வாதம் தோற்று 130 வருடத்துக்கு மேல் ஆகிறது. கடலூர் மாவட்டத்தில் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

ஏன் ஓடியது? இங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது, ஏனென்றால் இதற்கு ஒரு எண் இருக்கிறது.

டிவியு என்று ஒரு கணக்கு. ஒரு நாளில் போகும் ரயில்களின் எண்ணிக்கையை, அந்தக் கேட்டைக் கடக்கும் சாலை வண்டிகளின் அலகால் பெருக்க வேண்டும். பெருக்கல் தொகை 20,000-ஐத் தாண்டினால் இன்டர்லாக் செய்ய வேண்டும் என்பது வரம்பு. உதாரணத்துக்கு ஒரு நாளில் 20 ரயில் போகும் பாதை என்று வையுங்கள். 1000 வண்டி கடந்தால் அந்தக் கேட்டுக்கு ஒயர் உண்டு. 900 கடந்தால் ஒயர் கிடையாது, ஒரு மனிதனின் வாய் போதும். தக்காளி ஏற்றிய குட்டியானையும் ஒரு வண்டி, பிள்ளைகள் ஏறிய பள்ளி வேனும் ஒரு வண்டி.

செம்மங்குப்பம் நடந்து இரண்டே நாளில் ரயில்வே அமைச்சர் உத்தரவுகளை அறிவித்தார். எல்லா லெவல் கிராசிங்கிலும் கேமரா. குரல் பதிவுகளைத் தினமும் சோதிக்க வேண்டும். 15 நாள் பாதுகாப்பு ஆய்வு. அப்புறம், இன்டர்லாக்கிங் வரம்பு 20,000-லிருந்து 10,000 ஆகக் குறைக்கப்படுகிறது.

இதைப் படித்து நிறையப் பேர் பாராட்டினார்கள். நான் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். ஒரு கையெழுத்தில், நாற்பத்தெட்டு மணி நேரத்தில் பாதியாக முடிகிற எண் என்றால் அது ஏன் திங்கட்கிழமை குறையவில்லை? ஜூலை 7 அன்று 20,000 சரியாக இருந்து ஜூலை 10 அன்று தப்பாகிவிட்டதா? நடுவில் எந்த இயற்பியல் மாறியது? எதுவும் மாறவில்லை. அந்த எண் ஒரு பட்ஜெட் கோடு. கோட்டுக்கு இந்தப் பக்கம் நிற்பவர்களுக்கு ஒயர், அந்தப் பக்கம் நிற்பவர்களுக்கு நம்பிக்கை. கோட்டை வரைந்தவர்கள் யாரும் இடைநீக்கம் ஆகவில்லை. அவர்களுடைய தாய்மொழி என்ன என்று யாரும் வாட்ஸ்அப்பில் கேட்கவில்லை.

"பணம் எங்கே இருக்கிறது? எல்லா கேட்டுக்கும் ஒரே நாளில் செய்ய முடியுமா?" என்று ஒரு நியாயமான எதிர்ப்பு வரும். முடியாது, ஒப்புக்கொள்கிறேன். அகலப்பாதையில் ஆளில்லா லெவல் கிராசிங்கை ஒழிக்கவே 2019 ஜனவரி வரை ஆனது. ஆனால் முடித்தார்கள் இல்லையா? இலக்கு வைத்து, தேதி வைத்து முடித்தார்கள். முடித்துவிட்டு, ஆள் வைத்தாயிற்று, இனி கவலையில்லை என்று நினைத்துவிட்டோம். ஆளில்லா கேட்டில் ஊர்க்காரன் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுத்தான் கடப்பான், ஏனென்றால் யாரும் இல்லையென்று அவனுக்குத் தெரியும். ஆள் இருக்கும் கேட் திறந்திருந்தால் யார் பார்ப்பார்கள்? திறந்த கேட்டும் ஒரு செய்திதானே? "வா, வண்டி வரவில்லை" என்பதுதானே அதற்கு அர்த்தம்? ஆளை வைத்துவிட்டு ஒயரை வைக்காமல் விடுவது, மக்களைப் பாதி நம்ப வைத்துவிட்டு நடுவழியில் விடுவது.

இன்டர்லாக் செய்துவிட்டால் எல்லாம் தீர்ந்துவிடும் என்றும் சொல்ல மாட்டேன். 2023 ஜூன் 2, ஒடிசாவின் பஹனகா பஜார். கோரமண்டல் எக்ஸ்பிரஸ். 290-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அந்த வண்டி சென்னைக்கு வந்துகொண்டிருந்தது. அங்கே இன்டர்லாக்கிங் இருந்தது. ஆனால் 94-ஆம் எண் கேட்டில் மின்சாரத் தடுப்புக் கம்பத்தை மாற்றும் வேலையின்போதும், அதற்கு முன்பே சிக்னல் சுற்றில் செய்த மாற்றத்திலும் நடந்த தவறுகள்தான் காரணம் என்று ரயில்வே பாதுகாப்பு ஆணையரின் அறிக்கை சொன்னது. பிரதான பாதைக்குப் பச்சை விழுந்தது, பாயின்ட் லூப் லைனுக்குத் திரும்பியிருந்தது. எங்கள் பாஷையில் சொன்னால், சென்சார் சரி, ஒயர் மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள். கொடுமை என்னவென்றால், அதே கரக்பூர் கோட்டத்தில் 2022 மே மாதம் தவறான ஒயரிங்கால் ஒரு சம்பவம் ஏற்கெனவே நடந்திருந்தது. அப்போதே சரிசெய்யும் வேலையைச் செய்திருந்தால் இந்த விபத்து நடந்திருக்காது என்று அறிக்கையே சொல்கிறது.

அறிக்கை வர ஒரு மாதம் ஆனது. வாட்ஸ்அப் தீர்ப்பு எப்போது வந்தது? மறுநாளே. விபத்து நடந்த இடத்துக்குப் பக்கத்தில் மசூதி இருக்கிறது என்று ஒரு படம் சுற்றியது. அந்தக் கட்டடம் மசூதியே கிடையாது, ஒரு கோவில். ஸ்டேஷன் மாஸ்டருக்கு ஒரு முஸ்லிம் பெயரைக் கொடுத்து, தலைமறைவாகிவிட்டார் என்று இன்னொன்று. மதவெறி வதந்தி பரப்பாதீர்கள் என்று ஒடிசா போலீஸ் எச்சரிக்க வேண்டியிருந்தது. நாம் அதைப் பார்த்து "வடக்கே இப்படித்தான்" என்று சிரித்தோம். அங்கே மதம், இங்கே மொழி. தேடும் முறை ஒன்றுதான்: ஒயரைப் பார்க்காதே, பெயரைப் பார்.

இதை ஏன் ஒரு மென்பொருள்காரன் எழுத வேண்டும்? ஏனென்றால் இந்த வியாதியை நான் தினமும் அலுவலகத்தில் பார்க்கிறேன். சில வருடம் முன்பு நான் வேலை பார்த்த ஒரு இடத்தில் ஒப்பந்த ஊழியர் ஒருவர் சோதனை டேட்டாபேஸ் என்று நினைத்து உண்மையான டேட்டாபேஸில் ஒரு கட்டளையை ஓட்டிவிட்டார். சாயங்காலத்துக்குள் அவருடைய அடையாள அட்டை வேலை செய்யவில்லை. அறிக்கையில் "மனிதத் தவறு" என்று இரண்டு சொல். நான்தான் தட்டச்சு செய்தேன். இரண்டு திரையும் ஒரே நிறத்தில், ஒரே மாதிரி இருந்தன. "நிச்சயமாகவா?" என்று கேட்கும் ஒரு படிகூட இல்லை. அதை வடிவமைத்த குழுவில் நானும் இருந்தேன். எட்டு மாதம் கழித்து இன்னொருவர், இந்த முறை நிரந்தர ஊழியர், அதே கட்டளையை அதே திரையில் ஓட்டினார்.

அண்ணன் சொன்ன மாதிரி, நான் இன்ஜினுக்கு வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அப்போ தப்பு செய்தவனை விட்டுவிடலாமா?" இந்தக் கேள்வி கட்டாயம் வரும். விட வேண்டாம். கடமை தவறினாரா, பொய் சொன்னாரா, அதற்கு என்ன தண்டனை என்பதை நீதிமன்றம் பார்க்கட்டும். பிள்ளையைப் பறிகொடுத்த வீட்டில் போய் "இது ஓபன் லூப் பிரச்சினைம்மா" என்று சொல்லும் அளவுக்கு நான் மடையன் இல்லை. அவர்களுக்குக் கோபப்பட முழு உரிமை இருக்கிறது, யார் மேல் வேண்டுமானாலும். நமக்கு அந்த உரிமை கிடையாது. நமக்கு இருப்பது வேலை. யாரைத் தண்டிப்பது, எதைச் சரிசெய்வது என்பவை இரண்டு தனித்தனிக் கேள்விகள். முதல் கேள்விக்குப் பதில் கிடைத்ததும் இரண்டாவதை மறந்துவிடுகிறோம். ஒருவரைச் சிறையில் வைத்தாயிற்று என்பதால் அடுத்த ஊர்க் கேட்டில் ஒரு ஒயர் முளைத்துவிடாது. அங்கேயும் ஒருவர் போனில் எண் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார். நல்லவராக இருக்கலாம். இரண்டு நாள் தூங்காதவராகவும் இருக்கலாம்.

ஆய்வுக்கு அதிகாரி வரும் நாளில் எல்லாக் கேட்டும் சரியாக மூடும். சுமை இல்லாதபோது எல்லா ஒயரும் நல்ல ஒயர்தான். பார்க்க வேண்டியது காலை ஏழே முக்காலுக்கு, வண்டி நேரம், பள்ளி நேரம், ஷிஃப்ட் முடியும் நேரம் எல்லாம் ஒன்றாக வந்து அழுத்தும்போது அது என்ன செய்கிறது என்பதை.

போன மாதம் அண்ணனைப் பார்க்கச் சிதம்பரத்திலிருந்து பஸ்ஸில் கடலூர் போனேன். புதுச்சத்திரம் தாண்டி, ஆலப்பாக்கம் தாண்டி, சிப்காட் வாடை மூக்கில் ஏறும் இடத்தில் செம்மங்குப்பம். இறங்கவில்லை. இறங்கி என்ன பார்ப்பது? பக்கத்து சீட்டில் யூனிஃபார்ம் போட்ட ஒரு பெண் அம்மாவின் மடியில் தலை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். நான் போனை எடுத்து அந்தப் பழைய குழுவில் ஜூலை 8-க்கு மேலே தள்ளிப்போய் நான் போட்ட படத்தைத் தேடினேன். அழிக்கும் நேரம் எப்போதோ கடந்துவிட்டது. அதற்குக் கீழே பதிலாக, "இது தப்பு, நான் போட்டிருக்கக் கூடாது" என்று எழுதினேன். யாரும் எதுவும் சொல்லவில்லை. ஒருவன் மட்டும் "என்னடா திடீர்னு" என்று கேட்டான்.

திடீரென்று இல்லை. உங்களையும் ஒன்று கேட்கிறேன். உங்கள் ஊருக்குப் பக்கத்தில் ஒரு ரயில்வே கேட் இருக்கும். அது இன்டர்லாக் செய்ததா இல்லையா என்று உங்களுக்குத் தெரியுமா? எனக்கு முப்பத்தைந்து வருடம் தெரியாது. தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய்க் கட்டணத்தோடு அந்தக் கோட்ட ரயில்வே அலுவலகத்துக்கு எழுதிக் கேளுங்கள். எங்கள் பகுதிக்குத் திருச்சி கோட்டம். கேட் எண், கடைசியாக டிவியு கணக்கெடுத்த தேதி, அந்தத் தொகை, இன்டர்லாக் உண்டா, இல்லையென்றால் எந்தத் தேதிக்குள். ஐந்தே கேள்வி. கேட் கீப்பரின் பெயரையும் ஊரையும் கேட்காதீர்கள்.

நான் எழுதிப் போட்டுவிட்டேன். பதில் வரட்டும்.